தலையெழுத்தா? கணக்கா?

(ஒரு சிற்றூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் கணக்கு என்று தலைவர் அவர்கள் சொன்னவுடனே, உங்களில் சிலர் எழுந்து போய்விடலாமா என்று சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நாமும் பார்த்தோம். பயப்பட வேண்டியதில்லை. நாமும் காலேஜ் வாசற்படியை மிதித்தவர்களல்ல. நமக்குத் தெரிந்த கணக்கெல்லாம் மளிகைக் கடைச் சிட்டையும், வட்டிக் கணக்குந்தான். அந்த அளவுக் கணக்கைக் கொண்டே விளங்கிக்கொள்ளக்கூடிய, ஆனால் விளங்கிக்கொள்ளாத காரணத்தினால் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் கண்ணீர் விடும்படி நேர்ந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகின்றோம்.

வழக்கம்போல் முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பிவிட வேண்டாம். வீட்டிற்குப் போய் உங்கள் புத்தியைக்கொண்டு யோசித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

கிரகணம் பார்த்த பாவம்

2016ஆம் ஆண்டில் நாம் ஒரு கிராமத்திற்குப் பேசப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து, ஒரு தோழர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அங்கே திண்ணையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. என்னவென்று கேட்டோம். குழந்தையின் பாட்டியார் பதில் சொன்னார்: “இவள் வயிற்றில் இருக்கும்போது எங்கள் மருமகள் பேச்சைக் கேட்காமல் கிரகணத்தில் வெளியே போய்விட்டாள். அந்தத் தோஷம் பிள்ளையைப் பிடித்துவிட்டது. தலையெழுத்து!” என்றார்.

அடுப்படியில் இருந்த அந்த மருமகள் ஒன்றும் பேசவில்லை. நாம் புறப்படும்போது மட்டும் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். “கிரகணமெல்லாம் எனக்குத் தெரியாது அய்யா. இரண்டாம் மாதம் மூன்று நாள் லேசாக ஜுரம் அடித்து, உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. தானே போய்விட்டது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை” என்றாள்.

தோழர்களே! நாம் வைத்தியர்களல்ல. அந்தக் குழந்தைக்கு இன்னதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால், இப்படிப்பட்ட குழந்தைகள் பிறப்பதற்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்பதைத் தாய்மார்களிடமே கேட்டுக் கண்டுபிடித்த ஒரு மனிதர் இருந்தார். அவர் ரிஷியுமல்ல, சோதிடருமல்ல. ஆஸ்திரேலியா தேசத்துச் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர். நார்மன் கிரெக் என்பது அவர் பெயர். 1941ஆம் ஆண்டில் அவரிடம் பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். ஏன் இத்தனை பேர் என்று யோசித்தார். தாய்மார்களை விசாரித்தார். 78 குழந்தைகளின் கதையைச் சேர்த்துப் பார்த்ததில், 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில், பெரும்பாலும் அதன் தொடக்கத்தில், ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது தெரிந்தது.

இந்த ரூபெல்லா குழந்தைகளுக்கு வந்தால் ஒன்றுமில்லை. லேசான ஜுரம், மேலே தடிப்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். பலருக்கு வந்துபோனதே தெரியாது. ஆனால் கர்ப்பமான முதல் மூன்று மாதத்திற்குள் ஒரு பெண்ணுக்கு வந்தால், கரு கலையலாம். அல்லது வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண், காது, இருதயம் ஆகியவை கெட்டுப்போகலாம். மதுரையில் கண்புரை வந்த குழந்தைகளைப் பரிசோதித்து 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடிபட்டதனால் அல்லாமல் புரை வந்தவர்களில் 100க்கு 15 பேருக்கு இந்த நோயே காரணம் என்று கண்டார்கள். 2010ஆம் ஆண்டில் உலகத்தில் இப்படிக் கேடுற்றுப் பிறந்த குழந்தைகள் சுமார் 1 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கின்றார்கள். அந்த 1 லட்சம் தாய்மார்களும் கிரகணத்தில் வெளியே போனவர்களா என்று கேட்கின்றோம்.

நமக்குத் தெரியாத ஒரு பதில்

கதை அதோடு முடியவில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசியை, 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் காரியத்தை இந்திய சர்க்கார் தொடங்கிற்று. முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் கர்நாடகமும் கோவாவும் லட்சத்தீவும் உண்டு. அப்பொழுது நம் ஊர்களில் நடந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த ஊசி போட்டால் பிள்ளைக்கு ஏதோ பெரிய கேடு வரும் என்று கைபேசியில் வதந்தி ஊர் ஊராகப் பறந்தது. படித்தவர்களே அதைப் பிறருக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்திற்குப் பிள்ளைகளை அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் அநேகம் பேர்.

அதே கிராமத்திற்கு நாம் மறுபடியும் போனோம். வதந்தியை நம்பவேண்டாம் என்று பேசினோம். கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். திண்ணையில் பார்த்தோமே, அந்தக் குழந்தையின் தகப்பனார். “நீங்கள் சொல்லுகிறபடி இது கர்ப்பிணிகளுக்கு வரக்கூடிய ஆபத்து. அப்படியானால் பெண் பிள்ளைக்குப் போடுங்கள், சரி. என் பையனுக்குப் பதினோரு வயது. அவன் என்ன பிள்ளையா பெறப்போகிறான்? அவனுக்கு எதற்கு?” என்று கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டு, “சர்க்காரும் வைத்தியர்களும் சொல்லுகிறார்கள், போட்டுக்கொள்ளுங்கள்” என்றோம்.

தோழர்களே! அன்றிரவு நமக்கு வெட்கமாக இருந்தது. “சாஸ்திரம் சொல்லுகிறது, செய்” என்று புரோகிதன் சொன்னால் ஏன் என்று கேள் என்று நாம் ஊர் ஊராகப் பேசுகின்றோம். நம்மை ஒருவர் நியாயமாக ஏன் என்று கேட்டபோது, “சர்க்கார் சொல்லுகிறது, செய்” என்றுதானே சொன்னோம்? புரோகிதனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அதன் பிறகுதான் புத்தகங்களைத் தேடியும், தெரிந்தவர்களைக் கேட்டும் இந்த விஷயத்தைப் படித்தோம். அந்தத் தகப்பனாருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லுகின்றோம். அந்தப் பதில் ஒரு கணக்கில் இருக்கின்றது.

கூரை வீட்டுத் தெரு

ஒரு தெருவில் எல்லாம் கூரை வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு பற்றி எரிந்தால் அதன் பொறி சராசரியாகச் சுற்றியுள்ள 6 வீடுகளில் விழுகிறது. அந்த 6ம் எரிந்தால் 36. 36ம் எரிந்தால் 216. இப்படியே போனால் ஊர் மிஞ்சாது.

இப்பொழுது அந்த ஊரில் ஆறு வீட்டிற்கு ஐந்து வீடு ஓடு போட்டாய்விட்டது என்று வையுங்கள். அதே 6 பொறிதான் விழுகிறது. ஆனால் 5 பொறி ஓட்டின் மேல் விழுந்து அணைந்துபோகிறது. ஒன்றுதான் கூரையில் விழுகிறது. ஒரு வீட்டிலிருந்து ஒரு வீடு. தீ வளரவில்லை. இன்னும் கொஞ்சம் வீடுகளுக்கு ஓடு போட்டால், ஒரு வீட்டுக்கு ஒரு வீடுகூட இல்லை. தீ தானாகவே அணைந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கடைசியாக மிஞ்சிய கூரை வீட்டுக்காரன் ஓடு போடாமலேயே பிழைக்கின்றான். யாரால்? மற்றவர்கள் போட்ட ஓட்டினால்.

ரூபெல்லா நோயாளி ஒருவன், பாதுகாப்பு இல்லாத ஜனங்கள் மத்தியில் சுமார் 6, 7 பேருக்குத் தொற்ற வைக்கின்றான். ஆகையால் ஆறில் ஐந்து பங்குக்கு மேல், அதாவது 100க்கு 83 முதல் 86 பேர் வரை பாதுகாப்புப் பெற்றுவிட்டால் அந்த நோய்க்குப் போக வழியில்லை. தட்டம்மை இதைவிடப் பொல்லாதது. ஒருவனிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். 18இல் 17 பேரைத் தடுத்தாக வேண்டும். அதாவது 100க்கு 94 பேர். ஊசி போட்டும் சிலருக்குப் பிடிக்காமல் போகுமாதலால், 95 பேருக்காவது இரண்டு தவணை போடவேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லுவது இந்தக் கணக்கைக்கொண்டுதான். ஆகாயத்திலிருந்து விழுந்த எண்ணல்ல அது.

இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது?

நோயைக் கணக்கிலடக்கலாம் என்று முதன் முதல் செய்து காட்டியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்து தேசத்து டேனியல் பெர்னூலி. 1760ஆம் ஆண்டில், வைசூரி அந்தக் காலத்து ஜனங்களின் ஆயுளில் எவ்வளவைத் தின்கின்றது என்று கணக்கிட்டார். சராசரி ஆயுள் 26 வருஷம் 7 மாதம் என்றும், வைசூரி மட்டும் இல்லாவிட்டால் 29 வருஷம் 9 மாதம் ஆகும் என்றும் காட்டினார். நம் ஊரில் அம்மை வந்த வீட்டில் வேப்பிலை கட்டி, வைத்தியரைக்கூட உள்ளே விடாமல் இருந்த காலத்தில், அங்கே ஒருவர் காகிதத்தில் அம்மையை நிறுத்துப் பார்த்திருக்கின்றார்.

அடுத்தவர் நம் தேசத்தில் வேலை செய்தவர். ரொனால்டு ராஸ். 1897இல் சிக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். கொசுவை ஒழித்தால் மலேரியா போகும் என்று அவர் சொன்னபோது, “உலகத்திலுள்ள கொசுவையெல்லாம் யாரால் ஒழிக்க முடியும்?” என்று ஏளனம் செய்தார்கள். எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஜனத்தொகைக்குத் தக்கபடி ஓர் அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால் போதும், மலேரியா நிற்க முடியாது என்று அவர் கணக்குப் போட்டே பதில் சொன்னார்.

அதற்கு அடுத்தபடி 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்று இரண்டு பேர். மெக்கென்ட்ரிக் இந்தியாவில் வேலை பார்த்த வைத்தியர். கெர்மாக்கோ, 1924இல் ரசாயன சாலையில் நடந்த விபத்தில் இரண்டு கண்ணும் இழந்தவர். கண்ணில்லாதவன் பூர்வ ஜன்ம வினையை அனுபவிக்கின்றான் என்று நம் ஊரில் மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அவரோ பிறர் வாசிக்கக் கேட்டு ஆராய்ச்சி செய்தார். இந்த இருவரும் தங்கள் கணக்கைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது எந்த ஊர் நோய் தெரியுமா? 1905ஆம் ஆண்டு முடிவிலிருந்து 1906 வரை பம்பாயில் பிளேக்கினால் வாரா வாரம் செத்தவர்களின் எண்ணிக்கையை. நம் ஜனங்களின் சாவுதான் அந்தக் கணக்குக்குப் பாடம்.

அவர்கள் கண்டது இதுதான்: ஒரு கொள்ளை நோய், ஊரில் ஆளே இல்லாமல் போன பிறகுதான் நிற்கும் என்பதில்லை. நோய்க்கு ஆளாகக்கூடியவர்களின் தொகை ஓர் அளவுக்குக் கீழே குறைந்தவுடன், மிச்சம் பேர் இருக்கும்போதே அது தணிந்துவிடும். இதைத்தான் நம்மவர்கள், “கூழ் ஊற்றினோம், ஆத்தாள் மனம் குளிர்ந்தாள், நோய் போயிற்று” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோய் தானே இறங்குகிற சமயத்தில் கூழ் ஊற்றினால் கூழுக்குப் பெயர். ஏறுகிற சமயத்தில் ஊற்றினால் “பூசையில் ஏதோ குறை.” எப்படிப் பார்த்தாலும் பூசாரிக்கு நஷ்டமில்லை.

பாதிக் காரியத்தின் ஆபத்து

இனி அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். அதற்குமுன் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். சாதாரணமாக நாம் நினைப்பது என்ன? முழுதும் செய்ய முடியாவிட்டால் பாதியாவது செய்தால் பாதி நன்மை வரும் என்பதுதானே? ரூபெல்லா விஷயத்தில் அது தப்பு என்று கணக்குச் சொல்லுகின்றது.

ஒரு நாட்டில் ஊசியே இல்லை என்று வையுங்கள். நோய் எங்கும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பெண் குழந்தைக்குச் சராசரியாக 8 வயதில் அது வந்துவிடும். வந்துவிட்டால் மறுபடி வருவது அபூர்வம். அவள் கர்ப்பமாகும் காலத்தில் அவளுக்குப் பயமில்லை. இப்பொழுது அந்த நாட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி போடுகின்றார்கள். நோய் நிற்கவில்லை, ஆனால் பரப்புகிறவர்கள் குறைந்துபோனபடியால் மெதுவாகச் சுற்றுகிறது. ஊசி போடாத பெண்ணை எட்டு வயதில் பிடித்திருக்க வேண்டிய நோய், ஏறக்குறைய இரட்டிப்புக் காலம் கழித்து, சராசரி 16 வயதில் வந்து பிடிக்கின்றது. சராசரி 16 என்றால் சிலருக்கு 20, சிலருக்கு 25. அதாவது, சரியாகக் கலியாணமாகிக் கர்ப்பமாகிற வயதில்! மொத்தத்தில் நோய் கண்டவர்களின் தொகை குறையும். சர்க்கார் கணக்கில் வெற்றி என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் குருடும் செவிடுமாகப் பிறக்கும் குழந்தைகள் தொகை கூடிவிடலாம்.

இது வெறும் காகிதக் கற்பனையா? அல்ல. கிரீஸ் தேசத்தில் 1970களின் நடுவிலிருந்து இந்த ஊசி வழக்கத்துக்கு வந்தது. ஆனால் எல்லோருக்கும் போட்டுத் தீரவேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. 1980களில் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் போடப்படவில்லை. 1993இல் ரூபெல்லா பரவிற்று. பிடித்தது வாலிப வயதினரை. அதன் பின் 25 குழந்தைகள் பிறவிக் கேட்டோடு பிறந்தன. கணக்குப் போட்டவர்கள் முன்கூட்டியே எச்சரித்த ஆபத்து அப்படியே நடந்தது.

ஆகையால்தான் 2011ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், 100க்கு 80 பிள்ளைகளுக்காவது போட முடிகிற தேசங்களே இந்த ஊசியைத் தொடங்க வேண்டும் என்று யோசனை கூறிற்று. ஆகையால்தான் 2017இல் கைக்குழந்தைகளுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாமல், 15 வயதுக்கு உட்பட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வீச்சில் போட்டார்கள். “பதினாலு வயதுப் பெண்ணுக்கு இப்பொழுது எதற்கு ஊசி?” என்று வதந்திக்காரர்கள் கேட்டார்களே, அந்தப் பதினாலு வயதுப் பெண்தான், பாதிக் காரியம் செய்திருந்தால் முதலில் மாட்டிக்கொண்டிருக்கக் கூடியவள்.

ஆணுக்கு எதற்கு?

இந்தக் கேள்வியை நம் கிராமத்துத் தகப்பனார் மட்டும் கேட்கவில்லை. இங்கிலாந்து தேசத்துச் சர்க்காரே கேட்டது. 1970இல் அங்கே, கேடு வருவது பிள்ளை பெறுகிறவளுக்குத்தானே என்று, பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு மட்டும் ஊசி போட்டார்கள். அமெரிக்காவிலோ 1969 முதலே ஆண், பெண் இரு பாலாருக்கும் போட்டார்கள். எது சரி என்று கணக்கு நிபுணர்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் பேருக்குத்தான் போட முடியும் என்றால் பெண்களுக்கு மட்டும் போடும் இங்கிலாந்து வழியே ஆபத்தில்லாதது. பெரும்பாலோருக்குப் போட முடியும் என்றால் இரு பாலாருக்கும் போடும் வழியே நோயை வேரோடு அறுக்கும் என்று கண்டார்கள். ஏன்? பெண்களுக்கு மட்டும் போட்டால், பையன்களிடத்திலும் சின்னக் குழந்தைகளிடத்திலும் நோய் நிம்மதியாகக் குடியிருக்கிறது. ஏதோ காரணத்தால் ஊசி தவறிப்போன ஒரு பெண், கர்ப்பமாயிருக்கும்போது தன் மகனிடமிருந்தோ, தம்பியிடமிருந்தோ, புருஷனிடமிருந்தோ அதை வாங்கிக்கொள்கிறாள். இங்கிலாந்தும் 1988இல் தன் வழியை மாற்றிக்கொண்டு ஆண், பெண் எல்லோருக்கும் போட ஆரம்பித்தது.

இன்னொன்று. இந்த ஊசியைக் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்தானபடியால், கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் பயம் வந்த பிறகு அவள் தன்னைத் தானே காத்துக்கொள்ள வழியில்லை. அவளைச் சுற்றியிருக்கிறவர்கள்தான் காக்க வேண்டும். அவள் கூரை வீடு; அவளைச் சுற்றி ஓடு போடவேண்டியது நீங்கள்.

பெண்ணுக்கு வரும் கஷ்டமெல்லாம் பெண்ணே பார்த்துக்கொள்ள வேண்டியது என்பதுதானே இந்த நாட்டு வழக்கம்? பிள்ளை இல்லாவிட்டால் பெண்ணின் குறை. பெண்ணே பிறந்தால் பெண்ணின் குறை. குறையோடு பிறந்தால் அவள் கிரகணம் பார்த்த குறை. நோயைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஒருவேளை வீட்டு ஆண்பிள்ளை. பழி மாத்திரம் அடுப்படிக்குள்ளே. பையனின் கையில் குத்துகிற ஒரு ஊசி இந்த அநியாயத்தில் ஒரு பங்கையாவது ஒழிக்குமானால், அதைவிடச் சுலபமான காரியம் வேறென்ன என்று கேட்கின்றோம்.

சோதிடமும் கணக்குத்தானே?

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரர் எழுந்து, “சோதிடனும் கணக்குப் போட்டுத்தான் சொல்லுகிறான். அதை நம்பாதே என்கிறீர்கள். இதை மட்டும் நம்பச் சொல்லுகிறீர்களே?” என்று கேட்கலாம். நல்ல கேள்விதான்.

கிரகணம் எந்த நாளில், எந்த நாழிகையில் பிடிக்கும் என்பது கணக்கு. அதைச் சொன்னபடி வானத்தில் பார்க்கலாம். கிரகணம் வயிற்றுப் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும் என்பது கணக்கல்ல; அதன் முதுகில் ஏறிக்கொண்டு வந்த புளுகு. முன்னது தப்பினால் திருத்திக்கொள்வார்கள். பின்னது ஒரு நாளும் தப்பாது. ஏனென்றால் அதை யாரும் சோதித்துப் பார்க்க விடுவதே இல்லை.

நோய்க் கணக்கும் தப்பும். தப்பினதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. 1962இல் இந்திய சர்க்கார் மூன்று ஆண்டில் 100க்கு 80 பேருக்கு அம்மை குத்தி வைசூரியை ஒழிப்பது என்று புறப்பட்டது. கோடிக்கணக்கில் குத்தினார்கள். வைசூரி போகவில்லை. காரணம் என்ன? சராசரி 80 என்பது காகிதத்தில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் சுலபமாய் அகப்பட்டவர்களுக்கே மறுபடி மறுபடி குத்தப்பட்டது. பிழைக்க ஊர்விட்டு ஊர் போகிறவர்கள், ஒதுக்குப்புறத்து ஏழைகள் ஆகியோர் விடுபட்டார்கள். ஓட்டு வீடெல்லாம் ஒரு தெருவிலும், கூரை வீடெல்லாம் ஒரு சேரியிலும் இருந்தால், ஊர்ச் சராசரி என்னவானால் என்ன, சேரி எரியத்தானே செய்யும்? தப்பு எங்கே என்று பார்த்தார்கள். நோய் கண்ட வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சுற்றியிருக்கிறவர்களுக்கெல்லாம் குத்தும் முறைக்கு மாறினார்கள். 1975இல் இந்தியாவில் வைசூரி நின்றது. 1977இல் சோமாலியாவில் இயற்கையாக வந்த கடைசி நோயாளியோடு உலகத்திலேயே முடிந்தது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்தது என்று அறிவித்தது. ஆயிரம் வருஷத்துக் கூழ் செய்யாததை, தப்பை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட அறிவு செய்தது.

ரூபெல்லாவுக்கு 80 என்று ஒரு நிபந்தனை சொன்னோம் அல்லவா? அதுவும் வேதவாக்காக இருக்கவில்லை. தொடக்கத்திலேயே எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் பரவலாகப் போட்டு, பிறகும் அவ்வப்போது போட்டு வந்தால் அந்தப் பழைய ஆபத்து குறைவு என்று புதுக் கணக்குகள் காட்டியபடியால், 2024இல் அந்த நிறுவனத்திற்கு யோசனை சொல்லும் நிபுணர் குழு அந்த நிபந்தனையை நீக்கிவிடலாம் என்றது. எந்தச் சாஸ்திரமாவது, “நேற்று நான் சொன்னதை இன்று கிடைத்த அத்தாட்சியைக்கொண்டு மாற்றிக்கொள்ளுகிறேன்” என்று சொன்னதுண்டா? இதுதான் வித்தியாசம்.

நாம் செய்யவேண்டியது

ஊசியால் ஒரு கஷ்டமும் இல்லை என்று நாம் பொய் சொல்ல வரவில்லை. கை வலிக்கும், சிலருக்கு ஜுரம் வரும், சிலருக்கு லேசாகத் தடிப்பு வரும், இரண்டொரு நாளில் போய்விடும். கடுமையான ஒவ்வாமை மிக மிக அபூர்வம்; அதற்காகத்தான் போட்டவுடன் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லுகின்றார்கள். உட்காருங்கள். இதையும், பிறவிக் குருட்டையும் செவிட்டையும் தராசில் வைத்து நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

இப்பொழுது இந்த ஊசி 9 மாதம் முடிந்தவுடன் ஒன்றும், ஒன்றரை வயதை ஒட்டி ஒன்றுமாக இரண்டு தவணை சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடப்படுகின்றது. ஒரு தவணை போட்டுவிட்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் விடுபட்ட வீடு எது என்று பாருங்கள். செங்கல் சூளைக்கு வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஊர்க் கோடியில் இருப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகளைக் கேளுங்கள். சராசரியைப் பார்த்துத் திருப்தியடைகிறவன் ஏமாறுவான் என்பதை வைசூரி நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களின் தேசங்கள் எல்லாம் சேர்ந்து ரூபெல்லாவைத் தங்கள் எல்லையில் ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவித்தார்கள். அங்கே பிறக்கும் குழந்தைக்கு ஒரு தலையெழுத்தும், இங்கே பிறக்கும் குழந்தைக்கு ஒரு தலையெழுத்தும் எழுதுகிற பிரம்மா யார் என்று யோசித்துப் பாருங்கள்.

முடிக்குமுன், அந்தக் கிராமத்தைப் பற்றி ஒன்று. நாம் பதில் தெரியாமல் சிரித்துவிட்டு வந்த மறுநாள், அங்கே பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள். பதினோரு வயதுப் பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தவள், அந்த அடுப்படி மருமகள்தான் என்று பிற்பாடு தோழர் ஒருவர் சொன்னார். கணக்கு ஒன்றும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. “எவளுக்கோ வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என் பையனால் கேடு வரவேண்டாம்” என்று மட்டும் சொன்னாளாம். ஆறு பேர் நூறு பக்கத்தில் எழுதிய கணக்கின் முடிவு அவ்வளவுதான், தோழர்களே. அதை அவள் பட்ட துன்பத்திலிருந்து தெரிந்துகொண்டாள். நீங்கள் துன்பப்படாமல் கணக்கிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.